இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

செய்தியறையில் பல்லாண்டு காலம் இருந்தவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு விடுகிறது. எறிகணை வீழ்ந்த செய்தி வந்தால் கொல்லப்பட்டோர் தொகையை முதலில் எழுதுவோம். காயமடைந்தோர் தொகையை அடுத்து எழுதுவோம். மறுநாள் வேறு செய்தி வந்துவிடும். காயமடைந்தோர் என்று நாம் எண்ணிக்கையில் சேர்த்த அந்த மனிதர், அதன் பின்னர் எந்த வீட்டில், எந்தக் கட்டிலில், யாருடைய கையை நம்பி வாழ்ந்தார் என்பதை நாம் தேடிச் சென்று எழுதியது மிகக் குறைவு. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். வன்னிப் பெருநிலப்பரப்பின் போர் வரலாற்றில் இன்னும் சரியாக எழுதப்படாத அத்தியாயம் வீடுகளுக்குள்ளேதான் கிடக்கிறது.

முள்ளந்தண்டு வடத்தில் காயமடைந்தவர்களையே இங்கு முதன்மையாகக் கருதுகிறேன். குண்டுச் சிதறலொன்று அந்த வடத்தை அறுத்துவிட்டால், அதற்குக் கீழே உடலுக்கு அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் இடுப்பிலும் வாலெலும்பிலும் குதிக்காலிலும் இரத்த ஓட்டம் நின்று தசை அழுகும். வலி தெரியாததால் அவருக்கே அது தெரியாது. படுக்கைப் புண் என்று நாம் எளிதாகச் சொல்வது எலும்பு வரை இறங்கி உயிரைக் குடிக்கக்கூடியது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இத்தகைய காயமுற்றோரில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்தனர். அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. ஜெர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயப் பிரிவைப் பொறுப்பேற்றார். அவர் வகுத்த விதிகளுள் முதன்மையானது மிக எளியது: இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புது மருந்தோ பெரிய இயந்திரமோ அதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது தவறாத ஒரு கை. பராமரிப்பின் தரம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரைவிலக்கணத்தை நான் கண்டதில்லை.

நமக்கு அண்மையில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மேரி வர்கீஸ் என்ற பெண் மருத்துவர் இதே பாடத்தைத் தம் உடலிலேயே கற்றார். 1954இல் வாகன விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் இயக்கமிழந்த அவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே சத்திரசிகிச்சை செய்யப் பழகினார். பின்னர் புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் அங்கு புனர்வாழ்வு நிலையம் உருவாக அவரே காரணர். நோயாளியை மட்டுமன்றி, அவருடன் வீடு திரும்பப்போகும் உறவினரையும் பழக்கி அனுப்ப வேண்டும் என்பதே இத்தகைய நிலையங்கள் நமக்குக் கற்பித்த பாடம்.

வன்னியில் போர்க்காலத்திலேயே இதற்கான ஏற்பாடுகள் சில இருந்தன. முள்ளந்தண்டில் காயமுற்ற பெண் போராளிகளுக்கு மயூரி இல்லம் இருந்தது. கிளிநொச்சியில் மூதாளர்களுக்கு அன்புச்சோலை இருந்தது. அவற்றை நடத்திய இயக்கத்தின் அரசியல் பற்றி அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் சிலர் புரட்டிப் படுக்க வைக்கப்பட்டார்கள், கழுவப்பட்டார்கள், உணவூட்டப்பட்டார்கள் என்பது வரலாறு. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சியும், அம்மாத இறுதிக்குள் முல்லைத்தீவு நகரும் இராணுவத்தின் வசமாயின. கட்டிலில் கிடந்தவர்களும் கிழக்கு நோக்கி நகர வேண்டியதாயிற்று. புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. பதுங்குகுழிக்கும் பதுங்குகுழிக்கும் இடையில் இரண்டு மணி நேரக் கணக்கை யார் வைத்திருக்க முடியும்?

போர் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் வவுனியா மாவட்ட நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள். பெரும்பாலோர் செட்டிகுளம் மெனிக் பாமில். பிள்ளைகளைப் பிரிந்து, தனித்து வந்து சேர்ந்த முதியவர்கள் அங்கு பெரிதும் அல்லற்பட்டார்கள். 60 வயதைக் கடந்தவர்களை வெளியே விட 2009 ஏப்ரலில் அரசாங்கம் இணங்கியது. ஏற்க உறவினர் இல்லாதவர்களுக்கு முதியோர் இல்லங்கள் கதவைத் திறந்தன; வவுனியா கோவில்குளத்துச் சிவன் கோவிலைச் சார்ந்த இல்லம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. முள்ளந்தண்டுக் காயமுற்றோர் பலருக்கு வவுனியா பம்பைமடு வைத்தியசாலை புகலிடமாயிற்று.

ஆனால் வைத்தியசாலை எவருக்கும் நிரந்தர வீடு அல்ல. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்படுவதற்குள் மக்கள் படிப்படியாகத் தத்தம் காணிகளுக்குத் திரும்பினார்கள். காயமுற்றவர்களும் திரும்பினார்கள். தகரக் கொட்டிலுக்கும், முற்றத்து மணலுக்கும், வளவின் மூலையில் இருந்த கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் திரும்பினார்கள். அந்த நாள் முதல் தாதியின் வேலையை ஏற்றவர்கள் தாய்மாரும் மனைவிமாரும் சகோதரிகளுமே.

அவர்கள் கற்க வேண்டியிருந்தவை அற்பமானவை அல்ல. நாள்தோறும் தோலைப் பார்த்துச் சிவப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். சிறுநீர்க் குழாயைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி உடலை உயர்த்தி இறக்க வேண்டும். உணர்ச்சியற்ற மடியில் சூடான தேநீர்க் கோப்பையை வைக்கக்கூடாது; வெந்தாலும் தெரியாது. பாதுகாப்பு நியமம் என்று அலுவலகங்களில் பேசப்படுவதன் உண்மைப் பொருள் இவைதான். இவற்றை வாய்மொழியாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தவர்களில் காயமுற்றவர்களே முன்னின்றார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாமே நடத்தும் உயிரிழை என்ற அமைப்பு மாங்குளத்தில் இயங்குவது அதற்குச் சான்று.

சட்டம் என்ன செய்தது? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பேசியது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பேசியது. தேசிய மன்றத்தையும் செயலகத்தையும் அமைத்தது. முதியோர் இல்லம் நடத்துவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர வழி வகுத்தது. 2016இல் இலங்கை வலுவிழந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. வீட்டிலேயே கிடைக்கும் ஆதரவுச் சேவை ஓர் உரிமை என்று அதன் 19ஆம் உறுப்புரை கூறுகிறது. எல்லாம் நல்லவையே. எனினும் பதிவும் பரிசோதனையும் இல்லத்தின் வாசற்பலகையோடு நின்றுவிடுகின்றன. ஓர் அறையில் ஒரு தாய் ஒரு மகனைப் பராமரிக்கும் வீட்டுக்குப் பலகை ஏது?

வீட்டு வாசலைத் தாண்டுவது அரசுக்கு இயலாத காரியம் என்று மட்டும் எவரும் சொல்லக்கூடாது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட நாளிலிருந்து இந்த நாடு அதைச் செய்து வருகிறது. குடும்பநல மாது தன் பிரிவிலுள்ள ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரையும் பதிவேட்டில் எழுதி, வீடு தேடிச் சென்று, பிள்ளை பிறந்த பின்னரும் பார்த்து வருகிறார். பிரசவத் தாய்மாரின் மரணத்தை இலங்கை இவ்வளவு குறைத்ததற்கு அந்தப் பதிவேடும் அந்தக் கால்நடையும் முக்கிய காரணங்கள். பிறப்பைத் தேடி வந்த அரசு, படுக்கையில் கிடக்கும் வளர்ந்தவரைத் தேடி அதே ஒழுங்கோடு வரவில்லை.

அயலில் சிலர் வந்திருக்கிறார்கள். கேரளம் 2008இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென அரசுக் கொள்கை வகுத்தது. அதற்கு முன்னரே மலப்புறத்தில் அயலவர்களே தொண்டர்களாகி வீடு வீடாகச் செல்லத் தொடங்கியிருந்தார்கள். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கி, இயன்மருத்துவத்தையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்குக் கொண்டு சென்றது.

வன்னிக்கு வேண்டியது புதிய மாளிகை அல்ல. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் வீட்டில் கிடப்பவர்களின் பெயர் எழுதிய பதிவேடு, மாதம் ஒரு தடவையேனும் வந்து தோலையும் குழாயையும் பார்க்கும் ஒரு தாதி, பராமரிப்பவருக்குப் பயிற்சி, அவருக்கும் நோய் வந்தால் பொறுப்பேற்க இன்னொரு கை. இந்த நான்கும் இருந்தால் தரம் தானாக வரும்.

இதற்குக் கால அவகாசமும் அதிகம் இல்லை. 2009இல் 20 வயது மகனைத் தூக்கி வந்த தாய்க்கு அப்போது 45 வயது என்று கொள்ளுங்கள். இன்று அவர் 60ஐக் கடந்துவிட்டார். சட்டத்தின் கண்ணில் அவரே முதியவர். மகனுக்கு இன்னும் நெடுங்காலம் வாழும் வயது. இன்றிரவும் அந்தத் தாய் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழும்புவார். அவரால் எழும்ப முடியாமற்போகும் இரவில் யார் எழும்புவது என்பதை நாம் இப்போதே கேட்டு எழுத வேண்டும். காயமடைந்தோர் தொகையை எழுதிவிட்டு நகர்ந்த எங்களுக்கு அந்தக் கடன் இருக்கிறது.