குறிப்பேடு சொன்ன சாட்சி

மூணாற்றிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் மலைச்சாலையை விட்டுச் சற்றே விலகி, தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏலக்காடுகளுக்கும் நடுவே அமைந்த சின்னக்கானலில், ஆனி மாதத்து மழை பிடித்துக்கொண்டதென்றால் மரக்கிளை ஒடிந்து மின்கம்பியில் விழுவதும், கரண்ட் போவதும், வந்த கரண்ட் மறுநிமிஷமே போய்விடுவதும் ஊராருக்குப் பழகிப்போன சங்கதி. இம்மாதிரி மலையூர்களின் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகள் கணினி பழகுவது குனு/லினக்ஸில்தான். 2001ஆம் ஆண்டு, குனுவைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்ததும், அதே ஆண்டு கேரள அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தை ஆரம்பித்ததும், சில வருஷங்களுக்குள் அத்திட்டம் கட்டற்ற மென்பொருளுக்கே முழுவதும் மாறியதும் அதற்குக் காரணம். பாடத்தின் நடுவே கரண்ட் போய்த் திரும்ப வந்தபின் கணினியை ஏற்றினால், கறுப்புத் திரையில் 'ரிகவரிங் ஜர்னல்' என்று ஒரு வரி தோன்றி, அதன் கீழே 'கிளீன்' என்று மற்றொரு வரி வந்து, பிறகு வழக்கமான முகப்பு விரியும். கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் அவ்விரண்டு வரிகளை நம்பத்தக்கவையாக ஆக்குவதற்குப் பல தேசத்து மனிதர் கால் நூற்றாண்டாகப் படும் பாடு, சரித்திரமாக எழுதப்பட வேண்டிய விஷயம் என்பது என் துணிபு.

முன்பு இந்த வசதி இல்லை. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்க ரெமி கார்டு 1993ஆம் ஆண்டு அளித்த எக்ஸ்ட்2 என்னும் கோப்பு முறைமை வேகத்தில் குறைவற்றதாயினும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால், எந்தக் காரியம் முடிந்தது, எது பாதியில் நின்றது என்று அறியும் வகை அதனிடம் இல்லாமையால், வட்டு முழுவதையும் ஆதியோடந்தமாகத் துருவிப் பார்க்க வேண்டியிருந்தது. வட்டின் கொள்ளளவு பெருகப் பெருக அத்தேடல் மணிக்கணக்கில் நீண்டது. ஸ்டீபன் ட்வீடி 1998ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இதற்குப் பரிகாரம் சொன்னார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அன்றன்றைய கணக்கை முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு பின்பு பேரேட்டில் ஏற்றுவதுபோல, வட்டின் அமைப்பில் செய்யவிருக்கும் மாறுதல்களை முன்னதாக ஒரு குறிப்பேட்டில் எழுதி, தொகுதி முடிந்ததென்று முத்திரையும் இட்டு, அதன் பின்னரே உரிய இடங்களில் எழுத வேண்டும். இடையே தடை நேர்ந்தால் முத்திரை பெற்றவற்றை மீண்டும் ஏற்றி, பெறாதவற்றைத் தள்ளிவிடலாம். இம்முறை எக்ஸ்ட்3 என்னும் பெயரோடு 2001 நவம்பரில் லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 2.4.15ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அந்தப் பதிப்பிலேயே, கோப்பு முறைமையைக் கழற்றும் வேளையில் அதனைச் சிதைக்கும் வழு ஒன்று இருந்து, சில நாட்களுக்குள் 2.4.16 வெளியிட நேர்ந்தது. எக்ஸ்ட்3 அந்தக் குற்றத்தில் சம்பந்தப்படவில்லை. ஆனால் கோப்பு சிதைந்தால் கோப்பு முறைமையின்மேல் பழி விழுவது அன்றுதொட்டே வழக்கமாயிற்று.

வழு வெளிப்படும்வரை காத்திராமல் அதனைத் தேடிச் செல்லும் வித்தையை வளர்த்தவர்களுள் தமிழ்ச் செவிக்கு அந்நியமாக ஒலிக்காத பெயர்கள் பல உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ஆன்றியா, ரெம்சி அர்ப்பாசி-டூசோ தம்பதியரின் மேற்பார்வையில், விஜயன் பிரபாகரன், லக்ஷ்மி பைரவசுந்தரம் முதலியோர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட 'அயர்ன் கோப்பு முறைமைகள்' என்னும் ஆராய்ச்சி இதற்குச் சிறந்த உதாரணம். கோப்பு முறைமைக்கும் வட்டுக்கும் இடையே ஒரு மென்பொருள் அடுக்கைப் புகுத்தி, வட்டின் இன்ன பகுதியைப் படிக்கும்போது தோல்வி, இன்னதை எழுதும்போது தோல்வி, இன்னதில் பொய்த் தரவு என்று தாங்களே துன்பத்தை உண்டாக்கி, ஒவ்வொரு முறைமையும் அதனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்று அவர்கள் பொறுமையாகக் கவனித்தார்கள். எழுதுவது தோற்றது என்று வட்டு அறிவித்தபோதும் எக்ஸ்ட்3 பல இடங்களில் அதனைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போது வெளியாயிற்று. குறை கூறியதோடு நில்லாமல், குறிப்பேட்டின் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு செக்சம், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணித்துப் பெறும் ஓர் அடையாள எண், சேர்க்கப்பட வேண்டும் என்னும் யோசனையையும் அவர்கள் முன்வைத்தார்கள். அந்த யோசனை 2008ஆம் ஆண்டு, எக்ஸ்ட்3-இன் வாரிசாகிய எக்ஸ்ட்4-இன் குறிப்பேட்டில் இடம்பெற்றது. அதே எக்ஸ்ட்4-ஐ உருவாக்கும் பணியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையைச் சேர்ந்த சுபர்ணா பட்டாச்சார்யா, அனீஷ் குமார் ஆகியோரின் உழைப்பும் கலந்திருந்தது.

எக்ஸ்ட்4 நிலைபெற்றதென்று 2008 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அடுத்த மாதமே உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கலின் பயனர் ஒருவரிடமிருந்து முறையீடு வந்தது: கணினி திடீரென நின்று மறுபடி ஏறியபோது, சற்றுமுன் எழுதப்பட்ட கோப்புகள் பெயர் மட்டும் எஞ்ச, உள்ளே ஒரு பைட்டும் இன்றிக் கிடந்தன. எக்ஸ்ட்3 ஐந்து விநாடிக்கு ஒருமுறை முத்திரையிட்டது. எக்ஸ்ட்4-ஓ வேகத்தைக் கருதி இடம் ஒதுக்குவதையே அரை நிமிஷமும் அதற்கு மேலும் தள்ளிப்போட்டது. நிரல் எழுதுவோர் 'எஃப்சிங்க்' என்னும் ஆணையால் தரவை வட்டில் இறக்கியிருக்க வேண்டும் என்று எக்ஸ்ட்4-இன் தலைமைப் பராமரிப்பாளர் தியடோர் த்ஸோ வாதித்தார். வாதித்ததோடு, பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்கும் சந்தர்ப்பங்களில் தரவு உடனே எழுதப்படும்படி 2.6.30ஆம் பதிப்பில் திருத்தமும் செய்தார். அவர் வாதம் நியாயமானது. ஆயினும் கோப்பை இழந்தவனுக்கு நியாயத்தால் என்ன பயன் என்பதை உணர்ந்து அவர் செய்த திருத்தத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். தனுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் முதலியோர் 2014ஆம் ஆண்டு பதினொரு பிரபலமான மென்பொருள்களைப் பரிசோதித்து, கணினி திடீரென நின்றால் தரவு கெடக்கூடிய பலவீனங்கள் அறுபதைக் கண்டெடுத்தபோது, இந்தப் பிரச்சினை எவ்வளவு பரவலானது என்பது தெளிவாயிற்று.

2012 அக்டோபரில் நடந்த விசாரணை இச்சரித்திரத்தில் தனித்து நிற்பது. 3.6 வரிசைக் கெர்னலை இயக்கிய ஒருவர் தம் சர்வரில் எக்ஸ்ட்4 சிதைந்துவிட்டதாக அறிவித்தார். குறிப்பேடு சம்பந்தமாகச் சமீபத்தில் புகுந்த ஒரு மாறுதலின்மேல் முதலில் சந்தேகம் விழுந்தது. சந்தேகம் ஊர்ஜிதமாவதற்கு முன்பே லினக்ஸ் பயனர் அனைவருக்கும் ஆபத்து என்னும் செய்தி எங்கும் பரவியது. த்ஸோ எவ்வளவு பிரயத்தனப்பட்டும் அந்தச் சிதைவைத் தம் இயந்திரத்தில் உண்டாக்க முடியவில்லை. கேட்டுக் கேட்டு விவரம் திரட்டியதில், முறையிட்டவர் சாதாரணமாக எவரும் பயன்படுத்தாத சில விருப்பங்களை இயக்கியிருந்தார் என்பதும், கணினியை நிறுத்தும்போது வட்டை முழுதும் கழற்றாமலே அவருடைய நிரல் மறுஏற்றம் செய்தது என்பதும் மெல்ல மெல்ல வெளிவந்தன. முடிவில் எக்ஸ்ட்4 நிரலாளர் எரிக் சாண்டீன் மூலத்தைக் கண்டார்: அதே ஆண்டின் முற்பகுதியில் செய்யப்பட்ட வேறொரு மாறுதலால், புதுக் கோப்புக்கு எண் ஒதுக்கும் அட்டவணை, குறிப்பேட்டின் காவலுக்கு வெளியே திருத்தப்பட்டு வந்தது. முதலில் சந்தேகிக்கப்பட்ட மாறுதல் நிரபராதி. உண்மைக் குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது எது என்றால், அவர் இயக்கியிருந்த அபூர்வ விருப்பத்தோடு கூடவே வந்த செக்சம். குறிப்பேட்டிலிருந்து மீட்கும்போது எண் பொருந்தவில்லை என்று அது கூவியிராவிட்டால் அந்த வழு இன்னும் எத்தனை காலம் மறைந்திருக்குமோ! விஸ்கான்சினில் ஏழாண்டுகளுக்கு முன் விதைத்த விதை பலன் தந்த இடம் இது.

2018ஆம் ஆண்டின் இறுதியில் 4.19ஆம் பதிப்பு வந்தபோதும் எக்ஸ்ட்4-இன்மேலேயே பழி விழுந்தது. ஒருவருக்குச் சிதைவு நேர்ந்தது, அதே பதிப்பை இயக்கிய மற்றொருவருக்கு நேரவில்லை. இத்தகைய வழுவைத் தேடுவோர் கையாளும் முறை, நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையிலுள்ள மாறுதல்களைப் பாதி பாதியாகக் கழித்துச் செல்வது. மாறுதல்கள் பத்தாயிரத்தைத் தாண்டினும் ஏறக்குறைய பதினான்கு முறை கெர்னலைக் கட்டி ஓட்டினால் குற்றவாளி அகப்படவேண்டும். ஆனால் எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் வழுவில், போதிய நேரம் ஓட்டாமல் ஒரு முறை 'நல்லது' என்று தீர்ப்பளித்துவிட்டால், பிறகு செய்யும் தேடலெல்லாம் தவறான திசையில் செல்லும். பலர் இராப்பகலாக ஓட்டிப் பார்த்துக் கூட்டிய சாட்சியங்களிலிருந்து, வட்டுக்குக் கட்டளைகளை அனுப்பும் பிளாக் அடுக்கில், வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் எதுவும் வைக்காத கணினிகளில் மட்டும் தோன்றும் பிழை இது என்று டிசம்பரில் தெளிந்து, அந்த அடுக்கின் பராமரிப்பாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ அதனைத் திருத்தினார். எக்ஸ்ட்4 செய்ததெல்லாம், தன்னிடம் வந்த கெட்ட தரவைக் கண்டு அபயக்குரல் எழுப்பியது மட்டுமே.

அதே ஆண்டு டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் ஜெயஸ்ரீ மோகன், பாண்டியன் ராஜு முதலியோர் விஜய் சிதம்பரத்தோடு சேர்ந்து, ஒன்றிரண்டு கட்டளைகளும் மிஞ்சினால் மூன்றும் கொண்ட சிறு வேலைகளை இயந்திரமே வகைவகையாக உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் 'எஃப்சிங்க்' போன்ற ஆணை முடிந்ததும் கணினி நின்றுவிட்டதாகப் பாவித்து மீட்பைச் சோதிக்கும் முறையை வகுத்தார்கள். லினக்ஸ் கோப்பு முறைமைகளில் அதுவரை எவரும் அறியாத பத்து வழுக்கள் அதில் அகப்பட்டன. அவற்றுள் ஏழு, 2014ஆம் ஆண்டிலிருந்தே அங்கே குடியிருந்தவை. அவர்கள் எழுதிய சோதனைகளில் சில, கோப்பு முறைமைப் பராமரிப்பாளர்கள் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் இன்று இருக்கின்றன. ஆயினும் 2023ஆம் ஆண்டின் இறுதியில் 6.1.64 என்னும் பதிப்பில், புதுக் கெர்னலிலிருந்து எக்ஸ்ட்4-க்கான ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்து, அது சார்ந்திருந்த துணைத் திருத்தத்தை எடுக்காமல் விட்டதால் கோப்புகள் கெடும் நிலை உண்டாக, டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் குழுவினர் வெளியிடவிருந்த 12.3ஆம் பதிப்பை நிறுத்திவைத்து, பிழை நீக்கிய கெர்னலோடு டிசம்பர் 10ஆம் தேதி 12.4-ஐ வெளியிட்டார்கள்.