2147483647: நிரூபணம் தேடிய ஒரு பகா எண்

1-ஐ விடப் பெரிதாக இருந்து, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண். 2, 3, 5, 7 ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 பகா எண்ணா? ஆம் என்பதே பதில். அதை 1772-ல் நிரூபித்தவர் ஆய்லர்.

எண்ணின் அமைப்பு

2-ஐ 31 முறை பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இவ்வகைப் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127 ஆகியவை முதல் நான்கு. நமது எண் எட்டாவது.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2-ஐ 11 முறை பெருக்கி 1-ஐக் கழித்தால் 2047 வரும். அது 23 × 89.

பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-ல் இத்தகைய அடுக்குகளின் பட்டியலை வெளியிட்டார். அதில் 31 சரி. 67-ம் 257-ம் தவறு என்று பின்னர் தெரியவந்தது.

ஆய்லரின் வழி

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே வர்க்கமூலம் சுமார் 46,340. அதற்குள் ஏறக்குறைய 4,800 பகா எண்கள் உள்ளன. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும் என்று ஆய்லர் காட்டினார். சோதிக்க வேண்டியவை 400-க்கும் கீழே குறைந்தன. ஒன்றுகூட வகுக்கவில்லை. அப்போது அவர் கண்பார்வையைப் பெருமளவு இழந்திருந்தார்.

முஸ்லிம் அறிஞர்களின் பங்கு

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் செவ்விய எண். உதாரணம்: 6 = 1 + 2 + 3. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு செவ்விய எண்ணைத் தரும். இரட்டைச் செவ்விய எண்கள் எல்லாமே இவ்வழியில்தான் வருகின்றன என்று காட்ட முயன்றவர் இப்னுல் ஹைதம் (ரஹ்). அதை முழுமையாக நிரூபித்தவரும் ஆய்லரே.

ஹிஜ்ரி 7-ம் நூற்றாண்டின் இப்னு ஃபல்லூஸ் பத்துச் செவ்விய எண்களைப் பட்டியலிட்டார். முதல் ஏழும் சரி. மற்ற மூன்றும் சரியல்ல. எட்டாவதைத் தருவது நமது 2147483647-தான்.

இன்றைய கணினியில்

32 பிட் கணினிகள் குறியுடன் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுவே. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கருவிகளின் கணக்கு, 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8:44:07-க்கு இந்த எண்ணைத் தொடும். திருத்தப்படாவிட்டால் அடுத்த நொடியே அவற்றின் தேதி 1901-க்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறுவதே தீர்வு.

பட்டியலில் இருக்கிறது, பெரிய அறிஞர் சொன்னார் என்பதெல்லாம் கணிதத்தில் ஆதாரமாகாது. மெர்சென் சரியாகச் சொன்ன 31-ம் ஆய்லரின் நிரூபணத்துக்காக 128 ஆண்டுகள் காத்திருந்தது. சூத்திரத்தை மனனம் செய்யும் நம் பிள்ளைகளிடம் "ஏன் அப்படி?" என்றும் கேட்டுப் பழக்குவோம்.