தலைவரைக் கூப்பிட்டவர்கள்

தலைமை என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு பயிற்சி முகாமில் நானும் உட்கார்ந்திருந்தேன். சார்ட் பேப்பரில் மூணு கட்டம். அதிகாரம் பண்ணி நடத்துகிறவர், எல்லோரையும் கலந்து நடத்துகிறவர், எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடுகிறவர். 'இதுல நீங்க யாரு?' என்று கேட்டார்கள். 1939இல் கர்ட் லெவினும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பிரிவினை இது. அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயசுப் பையன்களை முகமூடி செய்ய உட்கார வைத்துப் பார்த்த சோதனை. லெவின் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். சர்வாதிகாரத்தைப் பற்றிய அவர் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பையன்கள் யாரும் தலைவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆய்வாளர்கள் அனுப்பிவைத்த பெரியவர்தான் தலைவர். கம்பெனிகளுக்கு இந்தப் பாடம் கச்சிதமாகப் பொருந்துவது அதனால்தான். அங்கேயும் தலைவர் மேலே இருந்து வந்து இறங்குகிறவர். சேரியிலிருந்து எழுந்த அமைப்புகளுக்குக் கேள்வியே வேற. தலைவரை யார் கூப்பிட்டது? யார் காசு போட்டது? அவர் சொன்னதை மறுத்துப் பேச யாருக்கு வாய் இருந்தது?

1927இன் மகத் போராட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம்ம காலண்டர்களில் அது ஒரே படம்தான்: குளத்துப் படியில் அம்பேத்கர், உள்ளங்கையில் தண்ணீர். பின்னால் நிற்பவர்களுக்கு முகமில்லை. அந்த மாநாட்டை மகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் ராமச்சந்திர பாபாஜி மோரே. பக்கத்துத் தாஸ்காவில் வளர்ந்த மகார் இளைஞர். அப்போது வயசு இருபத்திநாலுதான். சின்ன வயசில் மகத் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தபோது பத்திரிகைக்குக் கடிதம் எழுதி இடம் வாங்கியவர். பொது நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் எஸ்.கே. போலேயின் தீர்மானத்தை ஏற்றது. மகத் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளம்! மோரேயும் கூட்டாளிகளும் கிராமம் கிராமமாய் ஆளும் காசும் சேர்த்தார்கள். பம்பாய் போய் அம்பேத்கரைத் தலைமை ஏற்கக் கூப்பிட்டார்கள். கூடிய சனம் குடிக்கத் தண்ணீர் வேணுமே, அதைச் சாதி இந்துக்களிடம் நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கினார்கள்.

மார்ச் 20ஆம் தேதி, குளத்துக்குப் போவோம் என்று மேடையில் எழுந்து சொன்னவர் அனந்தராவ் சித்ரே. அவர் தீண்டப்படாதவர்கூட இல்லை, இயக்கத்தோடு நின்ற காயஸ்தர். அம்பேத்கர் முன்னால் நடந்தார், தண்ணீரை அள்ளிக் குடித்தார். இதைச் சொன்னால், 'பாபாசாகேபைக் குறைச்சுப் பேசுறீங்களா' என்று சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். சனங்க எடுத்த முடிவுக்கு முன்வரிசையில் போய் நிற்பது குறைச்சலான காரியமா என்ன? அன்றைக்கே அடியும் விழுந்தது. திருப்பி அடிக்கத் துடித்தவர்களை அவர்தான் அடக்கிவைத்தார். மேல்சாதியார் சாணத்தையும் மூத்திரத்தையும் கலந்து குளத்தைச் 'சுத்தம்' செய்துகொண்டார்கள்.

டிசம்பர் 25இல் மறுபடி கூடினார்கள். குளத்தைத் தொடக்கூடாது என்று நீதிமன்றத் தடை வந்திருந்தது. பந்தல் போட இடம் தந்தவர் பத்தே கான் என்ற முஸ்லிம். மனுஸ்மிருதி எரிந்தது அங்கேதான். தடையை மீறி இறங்குவோம் என்பதே வந்திருந்தவர்களில் ஆகப் பெரும்பாலோரின் பேச்சு. ஆயிரக்கணக்கில் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் முடிவு அவர்கள் வாயால் வரட்டும் என்று அம்பேத்கர் விட்டார். அதுக்கப்புறம்தான் எழுந்து, அரசாங்கத்தோடும் சாதி இந்துக்களோடும் ஒரே சமயத்தில் மோதவேண்டாம், வழக்கு முடியட்டும் என்று வாதாடினார். மனசில்லாமல் சனம் ஒத்துக்கொண்டது. குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள், தண்ணீரைத் தொடவில்லை. உயர்நீதிமன்றத்தில் வழக்கு ஜெயிக்க 1937 ஆனது. பத்து வருசம்!

அந்தத் தள்ளிவைப்பு சரியா என்பதில் எனக்கு இன்றைக்கும் தயக்கம் உண்டு. ஆனால் அவரால் உத்தரவு போட்டு முடிக்க முடியவில்லை, வாதாட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். எதிரே இருந்தது அவர் கூட்டிவந்த கூட்டமில்லை, அவரைக் கூப்பிட்ட கூட்டம். மோரே 1930இல் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். அம்பேத்கர் மேல் வைத்திருந்த மதிப்பை மட்டும் விடவே இல்லை.

பூனா ஒப்பந்தத்தையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். 1932 ஆகஸ்டில் அறிவித்த தனி வாக்காளர் தொகுதிகள் 71. செப்டம்பர் 24இன் ஒப்பந்தத்தில் ஒதுக்கிய தொகுதிகள் 148. சென்னை மாகாணத்தில் மட்டும் 18 இடம் 30 ஆனது. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் கை மாறிப்போனது. சரியாக ஐம்பதாவது வருசம், 1982இல், கான்ஷிராம் 'சம்ச்சா யுகம்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். சம்ச்சா என்றால் கரண்டி. கரண்டி தானாய் அசையாது, பிடிக்க ஒரு கை வேணும். தலைவரின் குணத்தைப் பார்க்காதே, அவரைப் பிடித்திருக்கும் கையைப் பார் என்கிற இதுவும் ஒரு தலைமைக் கோட்பாடுதான். சார்ட் பேப்பரில் இதுக்குக் கட்டம் இல்லை.

அம்பேத்கரே இந்தக் கோட்பாட்டுச் சண்டைக்குள் இறங்கியவர். 1943 சனவரியில் புனேயில் ரானடே பிறந்தநாள் கூட்டத்தில் பேசியபோது, மாமனிதர்கள்தான் வரலாற்றை உண்டாக்குகிறார்களா என்ற கேள்வியை எடுத்தார். கார்லைல், பக்கிள், மார்க்ஸ் என்று வரிசையாய் நிறுத்திப் பார்த்துவிட்டு, மனிதனும் வரலாற்றில் ஒரு காரணிதான் என்ற இடத்துக்கு வந்தார். நேர்மையும் அறிவும் மட்டும் ஒருவரை மாமனிதராக்காது, சமூகத்தின் குப்பையைக் கூட்டித் தள்ளுகிறவராக இருக்கணும் என்பது அவர் அளவுகோல். காந்திக்கும் ஜின்னாவுக்கும் நடந்த வழிபாட்டை அங்கேயே போட்டு உடைத்தார். 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குக் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். அந்த மனுசனுக்கே நாம் சூடம் கொளுத்துகிறோம், என்னத்தச் சொல்ல!

பலவீனம் வெளியில் மட்டும் இல்லை. 1942இல் நாக்பூரில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தொடங்கியபோது தலைவராகத் தேர்வானவர் நம்ம சென்னையின் ந.சிவராஜ். ஆனாலும் உண்மையான தலைவர் யாரென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாற்காலி ஒருவரிடம், வாக்கு இன்னொருவரிடம். 1956 டிசம்பரில் வாக்கு போனது, வெறும் நாற்காலிதான் மிஞ்சியது. 1957 அக்டோபர் 3இல் குடியரசுக் கட்சி பிறந்தபோதும் தலைவர் சிவராஜ்தான். ரெண்டே வருசத்தில், 1959இல், பி.சி. காம்ப்ளே அணி தனியே போனது. கோட்டு போட்ட படிப்பாளிகளுக்கும் வேட்டி கட்டிய தாதாசாகேப் கெய்க்வாடுக்கும் நடந்த சண்டையாகத்தான் மராட்டியச் சனங்க அதைப் பேசினார்கள். அந்த வேட்டிக்காரர் லேசுப்பட்டவரா? 1930இல் தொடங்கிய நாசிக் காலாராம் கோயில் போராட்டத்தை நாளுக்கு நாள் தரையில் நின்று நடத்தியவர். அவருக்கு அம்பேத்கர் எழுதிய கடிதங்கள் இன்றைக்குப் புத்தகமாகவே கிடைக்கின்றன.

கெய்க்வாடும் தோழர்களும் 1964 டிசம்பர் 6இல் தொடங்கிய நிலப் போராட்டத்தில் பல மாநிலங்களில் லட்சக்கணக்கானோர் சிறை போனார்கள். கோரிக்கைப் பட்டியலில் நிலமில்லாதவருக்குத் தரிசு நிலமும் இருந்தது, நாடாளுமன்றத்தில் அம்பேத்கர் படமும் இருந்தது. மைய மண்டபத்தில் படம் 1990இல் மாட்டினார்கள். சிறைக்குப் போன கூட்டத்தை ஊர் ஊராய்த் திரட்டியவர்கள் யார், எங்கே கூடி முடிவெடுத்தார்கள், வீட்டுப் பெண்களை அதில் கலந்தார்களா என்பதைச் சொல்ல, எண்பது தாண்டிய கிழவர்களும் கிழவிகளும் இன்னும் இருக்கிறார்கள். நாக்பூருக்கும் நாசிக்குக்கும் போகிற மாணவத் தோழர்கள் மாலை போட்டுத் திரும்புமுன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரவேண்டும், நோட்டுப் புத்தகத்தோடு.