கலம் மாறும்போது எழுத்தைக் காத்தல்: வன்தட்டிலிருந்து திண்மநிலைச் சேமிப்பகம் வரை

பேராக் மாநிலத்துத் தமிழ் இல்லங்கள் பலவற்றில் அண்மை ஆண்டுகளில் ஒரு சிறு பணி நடந்தேறி வருகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் கலக்கி வந்தாலும் அது இன்னும் விழித்திருப்பதில்லை. வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளிருக்கும் வன்தட்டை எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துகிறார். அதன்பின் அதே கணினி அரை நிமிடத்திற்குள் எழுந்துவிடுகிறது. வீட்டார் மகிழ்கின்றனர். கழற்றிய வன்தட்டு சில நாள் மேசை மேல் கிடந்து, பின் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்கிறது.

மொழி ஆய்வாளர் பேசுவதற்கு இதில் என்ன உண்டு என அவையோர் வினவலாம். எழுத்தைத் தாங்கும் கலம் மாறிய ஒவ்வொரு காலத்திலும் தமிழ் எதையேனும் இழந்திருக்கிறது என்பதே நம் விடை. ஏட்டுச்சுவடி நெடுங்காலம் நிலைப்பதன்று. பழுதுற்ற ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியபின் பழையதை ஆற்றில் விடுவது வழக்கம். பிற்காலத்தில் பெயர்த்தெழுதுவது நின்றது. ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்தது. ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்ட செய்தியை உ. வே. சாமிநாதையர் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். வன்தட்டைக் கழற்றும் நாளும் அத்தகைய ஒரு நாளே. ஆதலின் கலத்தின் வரலாற்றையும், அக்கலத்தில் ஏறிய தமிழெழுத்தின் வரலாற்றையும் இங்கு இணைத்துக் காண விழைகிறோம்.

சுழலும் தட்டும் சுழலாச் சில்லும்

முதல் வன்தட்டை 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அக்கருவி ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. 1980இல் சீகேட் நிறுவனம் ஏறத்தாழ அதே கொள்ளளவை, அதாவது 5 மெகாபைட்டை, கையில் தூக்கிச் செல்லத்தக்க ஐந்தேகால் அங்குலப் பெட்டியில் அடக்கியது. 1983இல் ஐ.பி.எம்.மின் தனியாள் கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இடம்பெற்றது. அதன்பின் வன்தட்டு அலுவலகங்களையும் இல்லங்களையும் அடைந்தது.

கொள்ளளவு பல இலட்சம் மடங்கு பெருகியபோதும் வன்தட்டின் இயல்பு மாறவில்லை. தட்டு சுழல வேண்டும். படிக்கும் முனை உரிய வட்டத்திற்கு நகர வேண்டும். தேடிய பகுதி முனைக்குக் கீழ் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்றி வர 8.3 மில்லிநொடி ஆகும். சராசரியாக அதில் பாதி காத்திருப்பிலும், ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு முனை நகர்வதிலும் கழியும். எனவே சிதறிக் கிடக்கும் செய்திகளைத் தேடும்போது நொடிக்கு நூறு தேடல்கூட இயலாது. கணினி எழும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகப் படிக்க வேண்டியுள்ளது. பழைய கணினி தாமதிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதன் கணக்கிடும் திறன் குன்றிவிட்டது என்பதன்று.

திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணிய அறைகளில் மின்னணுக்களைச் சிறைப்படுத்தி, அவற்றின் அளவைக் கொண்டு செய்தியைக் குறிப்பதே அதன் முறை. ஜப்பானியப் பொறியாளர் புஜியோ மசுவோக்கா தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது 1984இல் இந்நினைவகத்தை உலகிற்கு அறிவித்தார். இன்று பரவலாக வழங்கும் நேண்ட் வகை 1987இல் வந்தது. அழிக்கும் வேகம் ஒளிப்படக் கருவியின் மின்வெட்டை நினைவூட்டியதால் உடன் பணியாற்றியவர் ஒருவர் அதற்கு 'ஃபிளாஷ்' எனப் பெயர் மொழிந்தார் என்பர். 1991இல், பின்னாளில் சான்டிஸ்க் எனப் பெயர் பெற்ற நிறுவனம், 20 மெகாபைட் சேமிப்பகத்தை ஐ.பி.எம்.முக்கு வழங்கியது, விலை ஏறத்தாழ 1,000 அமெரிக்க டாலர். 2008இல் இன்டெல் வெளியிட்ட 80 கிகாபைட் சேமிப்பகம் போன்றவை வந்தபின்னரே இல்லக் கணினியை நோக்கி இது நடக்கத் தொடங்கியது. இதன் தேடல் நேரம் ஏறத்தாழ 0.1 மில்லிநொடி, அதாவது வன்தட்டைவிட நூறு மடங்கு விரைவு.

பெயரிலும் ஒரு செய்தி உண்டு. 'வன்தட்டு' என்பது உள்ளே உண்மையில் தட்டு இருந்ததால் பொருந்திய சொல். புதிய கருவியில் தட்டே இல்லை. ஆயினும் ஈப்போக் கடைகளில் நம்மவர் அதனையும் 'ஹார்ட் டிஸ்க்' என்றே கேட்டு வாங்குகின்றனர். பொருள் போனபின்னும் பெயர் நிலைப்பது மொழிக்குப் புதிதன்று. எள்ளின் நெய்க்கு உரிய 'எண்ணெய்' இன்று தேங்காய்க்கும் செம்பனைக்கும் உரியதாகிவிட்டதன்றோ?

தோட்ட மண்ணிற்கு வந்த தொழில்

இம்மாற்றம் நம் நாட்டு மண்ணிலேயே நிகழ்ந்த ஒன்றாகும். 1972இல் இன்டெல் பினாங்கில் ஆலை அமைத்தது முதல் வடமாநிலங்களின் இளையோர் மின்னியல் துறையில் பெருமளவில் நுழைந்தனர்; அவர்களுள் பேராக் தோட்டங்களிலிருந்து சென்றோரும் உண்டு. 2018இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக அறிவித்தது. அதே வேளையில் பினாங்கில் திண்மநிலைச் சேமிப்பக உற்பத்தியை விரிவுபடுத்தியது. அவ்வுற்பத்தி நடைபெறும் பத்து காவான் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டமாகவும் பின்னர் வேறு பயிர்களின் தோட்டமாகவும் விளங்கிய இடம். தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் அங்குண்டு. தோட்டம் மறைந்த மண்ணில் உருவாகும் சேமிப்பகத்தில் தோட்டத்தின் நினைவு ஏறுகிறதா என்பதே நம் கேள்வி.

பேராக்கில் அந்நினைவு மிகப் பெரிது. 1877இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர்ச் செம்பனையும் வீடமைப்பும் இரப்பரின் இடத்தைப் பிடித்தன. மக்கள் நகர் சேர்ந்தனர். அவ்வாழ்வின் எழுத்துச் சான்றுகளுள் பெரும்பகுதி அரசு ஆவணங்களில் இல்லை. பள்ளி நூற்றாண்டு மலர்கள், ஆலயக் குடமுழுக்கு மலர்கள், தொழிற்சங்கக் கூட்டக் குறிப்புகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் நினைவுரைகள் ஆகியவற்றிலேயே உள்ளது. 1980களின் பிற்பகுதி முதல் இவை கணினியில் தட்டச்சு செய்யப்பட்டன. அச்சான படிகள் சில நூறே. மூலக் கோப்புகள் யாருடைய வீட்டு வன்தட்டிலோ உறங்குகின்றன.

எழுத்தின் குறியேற்றம்

அக்கோப்புகளில் உள்ள தமிழ் இன்றைய கணினித் தமிழ் அன்று. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ் இணையத்தில் ஏற முன்னின்றார். அக்காலக் கணினி ஓரெழுத்திற்கு வழங்கிய இடங்கள் 256 மட்டுமே. அவற்றுள் பாதி ஆங்கிலத்திற்கு உரியவை. எஞ்சிய இடங்களில் ஒவ்வோர் எழுத்துரு வடிவமைப்பாளரும் தத்தம் விருப்பப்படி தமிழெழுத்துகளை அமர்த்தினர். ஓர் எழுத்துருவில் 'க' இருந்த இடத்தில் மற்றொன்றில் 'ம' இருந்தது.

இக்குழப்பத்தைக் களைய 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் அறிஞர் கூடினர். டிஸ்கி, டாம், டாப் முதலிய குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 1991இலேயே யூனிகோடு தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தபோதிலும், விண்டோஸ் 2000 முதற்கொண்டே இல்லக் கணினியில் அது இயங்கத் தலைப்பட்டது. பழக்கத்திற்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

வேறுபாடு வெறும் எண் மாற்றமன்று. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என மூன்றாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகும். யூனிகோட்டிலோ ககர மெய்யேறிய உயிர்மெய் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் நிற்கும். முன்னது வடிவத்தைச் சேமித்தது. பின்னது எழுத்தைச் சேமிக்கிறது. எனவே பழைய கோப்பில் 'கொழுந்து' எனத் தேடினால் இன்றைய கணினிக்கு அது அகப்படாது. உரிய எழுத்துரு இல்லையெனில், திரையில் தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய மொழிகளின் மாத்திரைக் குறியிட்ட எழுத்துகளே வரிசையாய் நிற்கும்.

நம் பட்டறிவு

இதனை நாம் நம் பிழையாலேயே கற்றோம். 1990களில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் முதியோரிடம் சொற்கள் திரட்டினோம். காலை ஆளெண்ணும் கூட்டத்தைக் குறிக்கும் 'பெரட்டு' ஆங்கிலத்திலிருந்து வந்தது. பால்வாளி சுமக்கும் 'காண்டா' மலாயிலிருந்து வந்தது. மங்கு, நிரை, தண்டல், கிராணி எனப் பட்டியல் நீண்டது. விலைக்கு வாங்கிய ஓர் எழுத்துருவில் அவற்றைத் தட்டச்சு செய்து வைத்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் திண்மநிலைச் சேமிப்பகம் பொருத்தி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, ஆவணங்களை மட்டும் பெயர்த்தோம். எழுத்துரு ஆவணங்களோடு சேர்ந்ததன்று என்பது நினைவிற்கு வரவில்லை. கோப்பைத் திறந்தபோது ஒரு சொல்லும் படிக்க இயலவில்லை. நல்வாய்ப்பாகப் பழைய வன்தட்டு ஒரு மைலோ டப்பாவுக்குள் கிடந்தது, எழுத்துரு கிடைத்தது. ஆயினும் முன்பொருமுறை மின்னஞ்சலில் அனுப்பித் திரும்பப் பெற்ற கோப்பில் றகரம் இருந்த இடங்களெல்லாம் வெற்றிடமாகியிருந்தன. அவ்விடத்து எண்ணை இடையிலிருந்த மென்பொருள் இடைவெளியாகக் கருதிவிட்டது. கையேட்டோடு ஒப்பிட்டுப் பெரும்பாலானவற்றை மீட்டோம். கரையான் அரித்த சில பக்கங்களுக்குரிய சொற்களை மீட்க வழியில்லை. சொல்லித் தந்தோர் இன்று இல்லை.

பெயர்த்தெழுதும் முறை

ஆகவே இப்பணியை மேற்கொள்வோர் சில படிகளை வரிசையாகக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் கணினி எதை ஏற்கும் எனக் காண்க. பழைய பெட்டிகளுக்குச் சாட்டா இணைப்புடைய இரண்டரை அங்குலச் சேமிப்பகம் பொருந்தும். நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் அதன் எல்லை. புதியவற்றில் எம்.2 எனும் மெல்லிய பட்டை உண்டு. அப்பட்டை சாட்டா வகையா என்.வி.எம்.இ. வகையா என்பதைத் தாய்ப்பலகையின் குறிப்பேட்டில் பார்த்தே வாங்க வேண்டும். வடிவம் ஒத்திருப்பினும் வகை ஒவ்வாது போகலாம்.

இரண்டாவதாக, வன்தட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்தல் நன்று. புதிதாக நிறுவுவதாயின், விண்டோசின் எழுத்துரு உறைவிடத்தையும் முதலில் பெயர்த்து வைக்க. பின் ஒவ்வொரு பழைய கோப்பையும் யூனிகோட்டிற்கு மாற்றி, மூலத்தையும் அழிக்காது வைத்து, இரண்டையும் கண்ணால் ஒப்பிட வேண்டும். ர, ற; ன, ண; கொம்பும் காலும் அமையும் இடங்கள் ஆகியவற்றில் பிழை மிகும்.

மூன்றாவதாக, திண்மநிலைச் சேமிப்பகத்தைக் காப்புப் பேழையாகக் கருதற்க. வன்தட்டில் தவறி அழித்ததைப் பலகாலும் மீட்கலாம். இதில் டிரிம் எனும் கட்டளை அழித்த இடத்தை விரைந்து துடைத்துவிடுவதால் மீட்பு அரிது. மின்சாரமின்றி நெடுநாள் வைத்தால் சிறைப்பட்ட மின்னணுக்கள் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த சேமிப்பகம் 30 பாகை செல்சியசில் ஓராண்டு செய்தியைத் தாங்க வேண்டும் என்பதே இல்லக் கணினிகளுக்கான ஜெடெக் தர அளவு. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும். எனினும் வெப்பம் மிகுந்தால் அக்காலம் சுருங்கும். நம் ஊரின் பூட்டிய அலமாரிகள் 30 பாகையைக் கடப்பது இயல்பு. எனவே மூன்று படிகள், இருவகைக் கலங்களில், ஒன்று வேறோர் இடத்தில் என்னும் நெறியே பாதுகாப்பானது. கழற்றிய வன்தட்டே அவற்றுள் ஒன்றாகலாம்.

ஏடெழுதியோர் ஊதியம் பெற்றனர். சிலர் அதை அறமாகவும் கொண்டனர். இன்று அவ்வேலை இல்லத்துப் பிள்ளையின் திருகாணி முனையில் அரை மணி நேரத்தில் நடக்கிறது. அவர் தமிழ்ப்பள்ளி மலரின் வரலாற்றை அறிந்திருக்கமாட்டார்; குறியேற்றத்தையும் அறிந்திருக்கமாட்டார். அறிந்த மூத்தோர் அருகில் அமர்ந்து, எந்தக் கோப்பு எத்தோட்டத்தைப் பற்றியது, யார் தட்டச்சு செய்தது, எந்த எழுத்துரு என்று சொல்லித் தருதல் வேண்டும். அந்த அரை மணி நேரத்திற்குப் பின் சொல்ல விழைந்தாலும், கேட்பதற்குரிய வன்தட்டு வீட்டில் இருக்காது.