ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் முன் தொங்கல் அமைப்பு

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் முன் தொங்கல் அமைப்பு என்பது 1961 முதல் 1971 வரை சென்னையை அடுத்த வண்டலூர்–பெருங்களத்தூர் பகுதியில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தானுந்தின் முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு ஆகும். பட்டறைகளில் இது முன் சஸ்பென்ஷன் என வழங்கப்படுகிறது. இதே அமைப்பு சிறு மாறுதல்களுடன் பிரித்தானிய விளையாட்டுத் தானுந்தான டிரையம்ப் ஸ்பிட்பயரிலும் (1962–1980) பயன்படுத்தப்பட்டது. இவ்வண்டிகள் பழையவையாகும்போது முன்புறத்திலிருந்து கிறீச்சொலி எழுவது வழக்கம். பெரும்பாலும் இது உலர்ந்த ரப்பர் புஷ்களின் ஒலியே. ஆயினும் டிரன்னியன் எனப்படும் வெண்கல உறுப்பு எண்ணெய் இன்றி இயங்குவதன் அறிகுறியாகவும் இது இருக்கக்கூடும். அவ்வாறு இருந்து கவனிக்கப்படாவிடின், டிரன்னியனில் திருகப்பட்டுள்ள தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எனவே ஒலியை அடக்குவதற்கு முன் அது எழும் இடத்தைக் கண்டறிதல் இன்றியமையாதது.

வரலாறு

டிரையம்ப் ஹெரால்ட் 1959 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. இதன் உடலை இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வடிவமைத்தார். 1962 இல் ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி, அதன்மீது இருவர் அமரும் ஸ்பிட்பயர் உருவாக்கப்பட்டது. லோட்டஸ் நிறுவனத்தின் எலான் விளையாட்டுத் தானுந்தும் டிரையம்பின் செங்குத்துத் தண்டையும் டிரன்னியனையும் பயன்படுத்தியது.

1948 இல் நிறுவப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் ஹெரால்டை 948 கன செ.மீ. பொறியுடன் சென்னையில் தயாரித்தது. இந்தியாவில் மட்டும் இதன் நான்கு கதவு வடிவமும் வெளிவந்தது. 1971 இல் இதன் இடத்தை ஸ்டாண்டர்ட் கெசல் பெற்றது. ஸ்பிட்பயர் இந்தியாவில் தயாரிக்கப்படவில்லை. ஆகவே தமிழ்நாட்டில் இவ்வமைப்பு ஹெரால்ட் வழியாகவே பரவலாக அறியப்பட்டது.

அமைப்பு

ஒவ்வொரு முன் சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு முக்கோணக் கைகள் தாங்குகின்றன. இவற்றின் உள்முனைகள் ரப்பர் புஷ்கள் மூலம் சட்டகத்துடன் இணைகின்றன. சுருள்வில்லும் அதனுள் அமைந்த அதிர்வு தாங்கியும் (ஷாக் அப்சார்பர்) ஒரே தொகுதியாகக் கீழ்க் கையிலிருந்து மேலே செல்கின்றன. மேல் கையின் வெளிமுனையில் பந்து மூட்டு உள்ளது.

கீழ் முனையில் பந்து மூட்டு இல்லை. அங்கு, சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டப்பட்டு, அது டிரன்னியனுக்குள் திருகப்பட்டிருக்கும். டிரன்னியன் நைலான் புஷ்கள் மூலம் கீழ்க் கையுடன் இணைகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு இந்த மரையில் சுழல்கிறது. அதாவது இது எப்போதும் முழுவதுமாக இறுக்கப்படாத, எண்ணெயில் இயங்கும் ஒரு திருகு ஆகும். வலப்பக்கத் தண்டில் வல மரையும் இடப்பக்கத் தண்டில் இட மரையும் இருப்பதால், இரு பக்க உறுப்புகளை மாற்றிப் பொருத்த இயலாது.

இவ்வமைப்பில் சக்கரங்கள் மிகக் கூடுதலான கோணத்திற்குத் திரும்பும். ஹெரால்ட் ஏறத்தாழ 7.6 மீட்டர் (25 அடி) விட்டமுள்ள வட்டத்திற்குள் திரும்பிவிடும்.

ஒலிக்கான காரணங்கள்

வண்டி எப்போது ஒலிக்கிறது என்பதைக் கொண்டே காரணத்தைப் பெருமளவு ஊகிக்கலாம்.

* மேடுபள்ளங்களில் மட்டும் ஒலித்தால்: உள்முனை ரப்பர் புஷ்கள், அதிர்வு தாங்கியின் புஷ்கள், அல்லது உருள்தடுப்புத் தண்டின் ரப்பர்கள்.
* வண்டி நின்றிருக்க, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒலித்தால்: டிரன்னியன் அல்லது மேல் பந்து மூட்டு.
* சக்கரம் சுழலும் வேகத்திற்கேற்ப ஒலி மாறினால்: சக்கரத் தாங்கி (பேரிங்) அல்லது பிரேக். இது தொங்கல் அமைப்பின் கோளாறு அன்று.
* புதிய பாலியூரித்தேன் புஷ்கள் பொருத்திய பின் ஒலித்தால்: புஷ்கள் உரிய சிலிக்கோன் கிரீஸ் இன்றிப் பொருத்தப்பட்டுள்ளன.

கண்டறிதல்

ஹெரால்ட், ஸ்பிட்பயர் இரண்டிலும் பானட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறப்பதால், முன் தொங்கல் அமைப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். எனவே இச்சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒருவர் முன்புறத்தை அழுத்தி விடவேண்டும். மற்றொருவர் ஒவ்வொரு புஷ் அருகிலும் கையை வைத்து அதிர்வை உணரவேண்டும். அசையும் உறுப்புகளுக்கு இடையே விரல் சிக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம்.
2. சந்தேகத்திற்குரிய புஷ் ஒன்றின்மீது மட்டும் சோப்பு நீர் தெளித்து மீண்டும் அழுத்தவேண்டும். ஒலி நின்றால் காரணம் அந்தப் புஷ்ஷே. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நனைத்தால் எது ஒலித்தது என்பது தெரியாமல் போகும்.
3. ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகள்மீது சட்டகத்தை அமர்த்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கற்களை அடுக்கியோ வேலை செய்வது உயிருக்கு ஆபத்தானது.
4. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் செய்து மீண்டும் ஆட்டவேண்டும். ஆட்டம் மறைந்தால் கோளாறு சக்கரத் தாங்கியில் உள்ளது. தொடர்ந்தால் பந்து மூட்டிலோ டிரன்னியனிலோ உள்ளது.
5. சக்கரங்கள் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் திருப்பவேண்டும். இறுக்கமோ அரைபடும் உணர்வோ இருந்தால், டிரன்னியனைக் கழற்றிப் பார்க்கும்வரை வண்டியை ஓட்டலாகாது.

சரிசெய்தல்

டிரன்னியனுக்குக் கிரீஸ் அன்று, இ.பி. 90 வகைக் கியர் எண்ணெயே தயாரிப்பாளரால் பரிந்துரைக்கப்பட்டது. கிரீஸ் காலப்போக்கில் கெட்டியாகி மரையின் மேற்பகுதிக்கு எண்ணெய் செல்லும் வழியை அடைத்துவிடும். அங்கு நீர் புகுந்து எஃகுத் தண்டைத் துருவேறச் செய்யும். தண்டு பெரும்பாலும் முறிவது இவ்விடத்திலேயே. வெளியில் கிரீஸ் வழிந்து காணப்படுவதால் உள்ளே உயவு உள்ளது எனக் கொள்ள முடியாது. எண்ணெய் நிரப்பிய கிரீஸ் கன் கொண்டு, மேல் அடைப்பில் புது எண்ணெய் கசியும்வரை செலுத்தவேண்டும்.

கழற்றிய தண்டின் மரையில் துருக்குழியோ விரிசலோ தேய்மானமோ காணப்பட்டால், அதை மெருகேற்றி மீண்டும் பயன்படுத்தக் கூடாது. தண்டையும் டிரன்னியனையும் இணையாகவே மாற்றுவது நன்று. மீண்டும் பொருத்தும்போது தண்டை முழுவதும் திருகி, பின்னர் ஒரு சுற்றுக்கு மிகாமல் தளர்த்தி, சக்கரம் இருபுறமும் முழுமையாகத் திரும்புகிறதா எனச் சரிபார்க்கவேண்டும். முழு இறுக்கத்தில் விட்டால், திருப்பும்போது மரையே தண்டை முறிக்கும் நெம்புகோலாகிவிடும்.

ரப்பர் புஷ்களில் கனிம எண்ணெய் ஊற்றுவது பட்டறைகளில் காணப்படும் பழக்கம். ஒலி சில நாட்கள் நிற்கும். ஆனால் இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்து விரைவில் கெட்டுவிடும். தேய்ந்த புஷ்ஷை மாற்றுவதே நிலையான தீர்வு. புதிய ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களின்மீது அமர்ந்த பின்னரே இறுதியாக முடுக்கவேண்டும். சக்கரங்கள் தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கப்பட்டு விரைவில் கிழியும்.

சுருள்வில் தொகுதியை வண்டியிலிருந்து முழுமையாகவே கழற்றலாம். ஆனால் அதன் நடு நட்டை, வில்லை அமுக்கும் கருவி இன்றி ஒருபோதும் கழற்றக் கூடாது. அமுங்கிய வில் பெரும் விசையுடன் தெறித்து வெளியேறும்.

மலைச்சாலைகளில்

நேரான நெடுஞ்சாலையில் டிரன்னியனின் மரை சிறிதளவே சுழல்கிறது. மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு வளைவிலும் அது ஏறத்தாழ முழு அளவுக்குச் சுழல்கிறது. எடுத்துக்காட்டாக, சென்னையிலிருந்து சேலம் செல்லும் வழியில் உளுந்தூர்பேட்டையைக் கடந்து கள்ளக்குறிச்சிவரை அமைதியாக ஓடும் ஒரு ஹெரால்ட், கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறும்போது முதன்முறையாக ஒலிக்கத் தொடங்கலாம். கோளாறு மலையில் தோன்றியதன்று. முன்னரே உலர்ந்திருந்த மரை அங்குதான் வெளிப்படுகிறது.

இறங்கும்போது நிலை இன்னும் கடினமானது. சரிவும் பிரேக்கும் வண்டியின் எடையை முன் சக்கரங்களுக்குத் தள்ளுகின்றன. அதே நேரத்தில் சக்கரங்கள் முழுத் திருப்பத்தில் இருக்கும். துருவேறிய தண்டு தாங்கவேண்டிய சுமை அப்போது மிகுதியாகிறது. ஆகவே திருப்பும்போது ஒலிக்கும் ஹெரால்டை மலையேற்றுவதற்கு முன், சமவெளியிலேயே டிரன்னியனுக்கு எண்ணெய் செலுத்தி ஐந்தாம் சோதனையைச் செய்வது நன்று.

பராமரிப்பு

ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது குறைவாக ஓடும் வண்டியாயின் ஆண்டுக்கு ஒருமுறை, டிரன்னியனுக்கு எண்ணெய் செலுத்துவது பழைய வண்டி உரிமையாளர்களின் வழக்கம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர்–டிசம்பர் மாதங்களுக்கு முன்னும் பின்னும் இதைச் செய்தால், மரைக்குள் புகுந்த நீரும் புது எண்ணெயுடன் வெளியேற வாய்ப்புண்டு. நெடுங்காலம் ஓடாமல் நிறுத்தப்பட்டிருந்த வண்டிகளில், ஒலி எதுவும் எழாவிட்டாலும், முதல் பயணத்திற்கு முன் தண்டைக் கழற்றி மரையைக் கண்ணால் காண்பதே பாதுகாப்பானது.