ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஃபத்தேபூர் சிக்ரிக்கு

இத்தாலியில் முகிழ்த்த மறுமலர்ச்சி ஆல்ப்ஸைக் கடந்து வட ஐரோப்பாவில் பரவியபோது, அதற்கு வாகனமாயிற்று அச்சுக்கலை. நூரம்பர்க் நகரத்து ட்யூரரின் செதுக்கோவியங்கள் தாளில் பதிந்து நாடு நாடாகச் சென்றன. அவ்வலை இந்தியாவையும் தொட்டது.

ஆன்ட்வெர்ப் நகரில் பிளாந்தேன் 1568 முதல் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தை, 1580-இல் யேசு சபைப் பாதிரிமார் ஃபத்தேபூர் சிக்ரியில் பேரரசர் அக்பருக்கு அளித்தனர். ஜஹாங்கீர் கால ஓவியங்களில் நீதியின் சின்னமாக அருகருகே அமர்ந்திருக்கும் சிங்கமும் ஆடும், அந்நூலின் முகப்புப் படத்தை அடியொற்றியவை என்பர் ஆய்வாளர்.

ட்யூரர் 1511-இல் செதுக்கிய படத்திலிருந்த யோவானின் உருவை, ஹிஜ்ரி 1009-இல் (கி.பி. 1600-01) பதின்மூன்று வயதுச் சிறுவர் அபுல் ஹஸன் வரைந்தார். ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் அது உள்ளது. 1618-இல் ஜஹாங்கீர் அவருக்கு 'நாதிருஸ் ஸமான்' (காலத்தின் அரியவர்) எனப் பட்டமளித்தார்.

பிறர் கலையை ஏற்கத் தயங்காத அவ்வரசவை, அதைச் சுமந்துவந்த அச்சுப்பொறியை மட்டும் கைக்கொள்ளவில்லை. கையெழுத்தின் எழிலில் தோய்ந்த கண்களுக்கு அச்செழுத்து உவக்கவில்லை போலும். நம் அரபுத் தமிழ் நூல்கள் கல்லச்சேறியதும் 19-ஆம் நூற்றாண்டில்தான். கனியைச் சுவைத்தோர் விதையை விட்டுவிட்ட அவ்விடைவெளி, கற்பிக்கும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.