ரோமானிய அடிமை விடுதலைச் சடங்கு

பண்டைய ரோமில் அடிமை ஒருவரைச் சட்டப்படி விடுவித்துக் குடிமக்களுள் ஒருவராக்கிய நடைமுறை மனுமிஸ்ஸியோ எனப்பட்டது. அதிகாரியின் முன்னிலையில் கோலால் தொடுவது, விடுதலை அறிவிப்பு, தலையில் அணியும் கம்பளித் தொப்பி ஆகியவை இதன் அடையாளங்கள். ரோமானியச் சட்டத்தில் அடிமை என்பவர் நிலத்தையும் கால்நடையையும் போன்ற உடைமை. அவரால் வழக்குத் தொடுக்க முடியாது. அவரது திருமணமும் செல்லாது. அப்படிப்பட்டவரைச் சில நிமிடங்களில் குடிமகனாக்கிய சடங்கு இது. ஏதென்ஸில் விடுதலை பெற்ற அடிமை அயலாரின் நிலையையே அடைந்தார், குடியுரிமை கிடைக்கவில்லை. ரோமில் முறையான சடங்கு குடியுரிமையையும் சேர்த்தே தந்தது.

மூன்று முறைகள்

முதலாவது, கோல் முறை. இது ஒரு வழக்கின் வடிவில் நடந்தது. உரிமையாளரும் அடிமையும் பிரேட்டர் என்னும் நீதித்துறை அதிகாரியின் முன் நிற்பார்கள். மூன்றாமவர் ஒருவர், பெரும்பாலும் பிரேட்டரின் பணியாளரான லிக்டர், அடிமையின் மேல் கோலை வைத்து, இவர் சுதந்திர மனிதர் என உரிமை கோருவார். உரிமையாளர் அதை மறுக்கமாட்டார். உடனே பிரேட்டர் விடுதலையை உறுதிசெய்வார். உரிமையாளர் அடிமையைப் பிடித்து ஒருமுறை சுற்றிவிடும் வழக்கமும் இருந்தது. இதற்கு நீதிமன்ற மேடைதான் வேண்டும் என்பதில்லை. பிரேட்டர் குளியல் கூடத்துக்கோ நாடக அரங்குக்கோ போகும் வழியிலும் இதைச் செய்யலாம் என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் கையுஸ் எழுதுகிறார்.

இரண்டாவது, குடிக்கணக்கு முறை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், உரிமையாளரின் சம்மதத்துடன் அடிமை தன் பெயரைக் குடிமகனாகப் பதிந்துகொள்வார். பேரரசுக் காலத்தில் கணக்கெடுப்பு அரிதாகி, பேரரசர் வெஸ்பாசியன் காலத்தோடு நின்றபோது இம்முறையும் வழக்கொழிந்தது.

மூன்றாவது, உயில் முறை. உரிமையாளர் இறந்து உயில் நடைமுறைக்கு வந்ததும் அதில் குறிப்பிட்ட அடிமைகள் விடுதலை பெறுவர். அவர்கள் தொப்பியணிந்து இறுதி ஊர்வலத்தில் நடந்தார்கள். தங்கள் பாடையின் பின்னால் நன்றியுள்ள கூட்டம் வரவேண்டும் என்பதற்காகவே சிலர் எண்ணற்ற அடிமைகளை உயிலில் விடுவித்தார்கள் என ஹாலிகார்னசஸ் நகரத்து வரலாற்றாசிரியர் டயோனீசியஸ் குறைகூறினார்.

தொப்பி

விடுதலை பெற்றவர் தலையை மழித்து, பில்லியஸ் எனப்பட்ட விளிம்பில்லாத கம்பளித் தொப்பியை அணிந்தார். ரோமுக்குத் தெற்கே டெர்ராசினாவுக்கு அருகில் ஃபெரோனியா என்ற பெண் தெய்வத்தின் கோயிலில் இருந்த கல் இருக்கையில் அமர்ந்தும் அடிமைகள் இத்தொப்பியைப் பெற்றார்கள்.

விடுதலைச் சடங்கைத் தாண்டியும் ரோமானியர் இத்தொப்பியை விடுதலையின் சின்னமாகப் பயன்படுத்தினார்கள். கி.மு. 214-இல் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலின் படைத்தலைவர் ஒருவருக்கு எதிராக பெனவெந்தும் அருகே போரிட்டு வென்ற அடிமை வீரர்கள், வாக்களித்தபடி விடுவிக்கப்பட்டதும் தொப்பியோ வெண்கம்பளியோ தலையில் தரித்து ஊர்த்தெருவில் விருந்துண்டார்கள். அவர்களின் தளபதி திபேரியஸ் கிராக்கஸ் அக்காட்சியை ஓவியமாக்கி, அவென்டைன் குன்றின் விடுதலைத் தெய்வக் கோயிலில் வைத்தார். கி.மு. 201-இல் கார்த்தேஜை வென்ற ஸ்கிப்பியோவின் வெற்றி ஊர்வலத்தில் குவிந்தஸ் டெரென்டியஸ் குல்லியோ என்னும் செனட்டர் தொப்பியணிந்து நடந்தார். கார்த்தேஜின் சிறையிலிருந்து தன்னை மீட்டவருக்கு அவர் செய்த மரியாதை அது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 43–42-இல் வெளியிட்ட நாணயத்தில் இரு குத்துவாள்களுக்கு நடுவே இதே தொப்பி இருக்கிறது.

புதிய பெயர், பழைய பிணைப்பு

விடுதலை பெற்ற ஆண் தன் முன்னாள் உரிமையாளரின் பெயரையும் குலப்பெயரையும் ஏற்று, தன் அடிமைப் பெயரை இறுதியில் வைத்துக்கொண்டார். பேச்சாளர் மார்க்கஸ் டுல்லியஸ் சிசெரோவின் செயலாளர் டீரோ கி.மு. 53-இல் விடுதலை பெற்று மார்க்கஸ் டுல்லியஸ் டீரோ ஆனார். செய்தியறிந்த சிசெரோவின் தம்பி தன் மகிழ்ச்சியைக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

ஆயினும் பிணைப்பு அறவில்லை. பழைய உரிமையாளர் இப்போது புரவலர். அவருக்கு மரியாதையும், ஒப்புக்கொண்ட நாட்கள் உழைப்பும், சில நேரங்களில் சொத்தில் பங்கும் தரவேண்டியிருந்தது. விடுதலை பெற்றவர் ரோமின் உயர்பதவிகளுக்கு வர முடியாது. விடுதலைக்குப்பின் பிறந்த பிள்ளைகளோ முழு உரிமையுடன் பிறந்தவர்கள். கவிஞர் ஹோரஸ் அப்படிப்பட்ட ஒருவரின் மகன். அதைச் சொல்லித் தன்னை ஏளனம் செய்தவர்களுக்கு எதிராக, தந்தையைப் பெருமையுடன் நினைவுகூர்ந்து கவிதை எழுதினார். ஒரு தலைமுறைக்குள் வாசல் திறந்தது என்பது ரோமானிய முறையின் தனிச்சிறப்பு. ஆனால் அந்த வாசலைத் திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் உரிமையாளரின் விருப்பமாகவே இருந்தது.

வரியும் கட்டுப்பாடுகளும்

கி.மு. 357 முதல் ஒவ்வொரு விடுதலைக்கும் அடிமையின் மதிப்பில் 5 விழுக்காடு வரி வசூலிக்கப்பட்டது. பொன்னாகச் சேர்த்துவைக்கப்பட்ட இந்த நிதியிலிருந்து, கி.மு. 209-இல் போர்ச் செலவுக்காக ஏறக்குறைய 4,000 பவுண்டு எடுக்கப்பட்டது. விடுதலைக்காகத் தம் சேமிப்பைக் கொடுத்த மனிதர்கள், தம்மை அடிமையாக்கிய அரசின் போர்களுக்கும் பணம் கட்டினார்கள்.

பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் வரம்புகள் வந்தன. கி.மு. 2-இன் ஃபூஃபியஸ் கனினியஸ் சட்டம் உயில் விடுதலைக்கு அளவு வைத்தது: 100 முதல் 500 அடிமைகள் உள்ளவர் ஐந்தில் ஒரு பங்கினரையே விடுவிக்கலாம், யாராயினும் 100 பேருக்கு மேல் கூடாது. கி.பி. 4-இன் ஏலியஸ் சென்டியஸ் சட்டப்படி, 30 வயது நிரம்பாத அடிமை குடியுரிமை பெறத் தகுந்த காரணத்தை ஒரு குழு ஏற்கவேண்டும். தண்டனையாகச் சூடு போடப்பட்டவர்கள் விடுதலை பெற்றாலும் குடிமக்கள் ஆகமுடியாது. ரோமிலிருந்து 100 மைலுக்குள் வாழவும் கூடாது.

சடங்கில்லாத விடுதலை

நண்பர்கள் முன்னிலையில் வாய்மொழியாகவோ கடிதம் மூலமாகவோ விடுவிக்கப்பட்டவர்களின் நிலை, முறையான சடங்கின் வலிமையைத் தெளிவாகக் காட்டுகிறது. யூனியஸ் சட்டப்படி இவர்கள் லத்தீனியர் என்ற இடைநிலையினர். சுதந்திரமாக வாழலாம், உயில் எழுத முடியாது, இறந்ததும் சொத்து முழுவதும் பழைய உரிமையாளருக்குப் போகும்.

இவர்கள் பிறகு குடியுரிமை பெற ஒரு வழி இருந்தது: சாட்சிகள் முன் திருமணம் செய்து, பிறந்த குழந்தைக்கு ஓராண்டு நிறைந்தபின் அதிகாரியிடம் மெய்ப்பித்தல். வெசுவியஸ் எரிமலையால் புதையுண்ட ஹெர்குலேனியத்தில் கிடைத்த மெழுகுப் பலகைகளில் லூசியஸ் வெனிடியஸ் என்னிகஸ் என்பவரின் கதை இருக்கிறது. கி.பி. 60-இல் தனக்கும் மனைவிக்கும் மகள் பிறந்ததை அவர் பதிவுசெய்தார், கி.பி. 62-இல் குடியுரிமை பெற்றார். இந்த இடைநிலையைப் பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 531-இல் ஒழித்தார்.

பிற்காலத் தொடர்ச்சி

பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், ஆயர் முன்னிலையில் தேவாலயத்தில் செய்யப்படும் விடுதலையும் செல்லுபடியானது. கி.பி. 321-இன் சட்டம் அதற்கு முழுக் குடியுரிமையை உறுதிசெய்தது.

18-ஆம் நூற்றாண்டில், தொப்பி மீண்டும் அரசியல் சின்னமானது. ரோமானியத் தொப்பியையும் நுனி மடங்கிய பிரிகியத் தொப்பியையும் ஒன்றாகக் கருதிய பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் சிவப்புத் தொப்பி அணிந்தனர். அமெரிக்க நாணயங்களிலும் அது இடம்பெற்றது. 1850-களில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் நிறுவ, சிற்பி தாமஸ் கிராஃபோர்ட் சுதந்திரச் சிலையொன்றை வடித்தார். அதன் தலையில் அவர் வைக்க நினைத்த தொப்பி விடுதலை பெற்ற அடிமைகளின் அடையாளம் என்று போர்த்துறை அமைச்சர் ஜெபர்சன் டேவிஸ் எதிர்த்தார். பின்னாளில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவரானவர் அவர். தொப்பி நீக்கப்பட்டுத் தலைக்கவசம் வைக்கப்பட்டது. அச்சிலையை வெண்கலத்தில் வார்த்தவர்களுள் பிலிப் ரீட் என்ற அடிமையும் ஒருவர். 1862 ஏப்ரலில் அந்நகரின் அடிமைகளை விடுவித்த சட்டத்தால் அவர் விடுதலை பெற்றார். 1863 டிசம்பரில் சிலை உச்சியில் ஏறியது.